இருபது மாதத் திருப்தி

வஜீதாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், மெமோ கிமோ எதுவும் இல்லாமல், கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். முப்பத்து நாலு வருஷ சர்க்கார் உத்தியோகம். கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் ‘ஓய்வுபெற அனுமதி இல்லை’ என்று ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு பேயறைந்த மாதிரி படியிறங்கிப் போனவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். எப்போதோ, எதற்கோ போட்ட ஒரு கையெழுத்து கடைசி நாளில் வந்து காலைப் பிடிக்கும். அந்தக் கதி தனக்கு வரக் கூடாது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வேங்கிக்காலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் வாடகைக்கு இருந்தது அவள் ஆபீஸ். அபாயப் பொருள் கண்காணிப்புப் பிரிவு என்று போர்டு. பேரைப் பார்த்துவிட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். நாலு மேஜை, மூணு ஆள், அதில் ஒருத்தர் எப்போதும் லீவு. வஜீதாதான் சூப்பிரண்டு. பட்டாசுக் கிடங்கு, குளோரின் சிலிண்டர், பூச்சிமருந்து குடோன் என்று சுற்றுவட்டாரத்தில் எது வெடிக்குமோ, எது கசியுமோ, அதையெல்லாம் மாசம் ஒரு தரம் போய்ப் பார்த்து ‘திருப்தி’ என்று எழுத வேண்டியது அவர்கள் பாடு. இது போக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் டூட்டி. இந்த ஊரில் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் எந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பௌர்ணமி வந்தால் ரோட்டில் நின்றுதான் ஆக வேண்டும். வஜீதாவுக்குத் தண்ணீர் லாரிகளைப் பார்த்துக்கொள்கிற டூட்டி. ரம்ஜான் நோன்புக்குக்கூட லீவு கிடைத்திருக்கிறது, பௌர்ணமிக்கு ஒரு தரம்கூடக் கிடைத்ததில்லை. முட்டி ரெண்டும் தேய்ந்ததுதான் மிச்சம்.

இருக்கிற பொறுப்பிலேயே பெரிய பொறுப்பு கோபால்ட். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மூடிப்போன ஒரு கேன்சர் ஆஸ்பத்திரி இருந்தது. கட்டின டாக்டர் செத்துப்போனார், பிள்ளைகள் அமெரிக்காவிலோ எங்கேயோ இருந்தார்கள். கட்டில், மெத்தை, சீலிங் ஃபேன் வரைக்கும் ஏலத்தில் போய்விட்டது. போகாதது ஒன்றுதான், கதிர் வைத்தியம் செய்கிற மெஷின். அதன் தலைக்குள்ளே, கனத்த ஈயத்துக்கு நடுவில், கட்டை விரல் அளவுக்குக் கோபால்ட் இருந்தது. வைத்தியத்துக்கு அது இனி வேண்டாம். வேண்டாம் என்று குப்பையில் போடவும் முடியாது. உள்ளே இருக்கிற வரைக்கும் சாது, வெளியே எடுத்து எவனாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அவனும் போவான், அவன் குடும்பமும் போகும். ‘இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று மும்பை அணுசக்தி ஆபீஸுக்கு எழுதிய கடிதங்களே ஒரு கட்டு இருந்தது. போகிற வரைக்கும் அறையைப் பூட்டி, அரக்கு சீல் வைத்து, ஒரு காவலாளியைப் போட்டு, மாசாமாசம் கதிர்வீச்சு மீட்டரால் அளந்து எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு.

ஆய்வு நடக்கிற அழகைச் சொல்ல வேண்டும். சீலை உடைக்கக் கூடாது என்பதால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம். அதில் நின்று மீட்டரை நீட்டி, வருகிற நம்பரை ரெஜிஸ்டரில் ஏற்றி, அரக்கு முழுசாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால் ஆயிற்று. கம்பி வழியாகப் பார்த்தால் மெஷின் இருட்டில் நின்றுகொண்டிருக்கும். பத்து நிமிஷ வேலை.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. மாநிலத்தில் அங்கங்கே கிடக்கும் இந்த மாதிரி வேண்டாத கதிர்வீச்சுப் பொருளுக்கெல்லாம் பட்டியல் எடுக்கப் புதிதாக ஒரு பிரிவு போட்டிருந்தார்கள். பேசியது நந்தினி என்று ஒரு பெண். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயசுகூட இருக்காது.

“மேடம், மூணு வருஷ ரீடிங்கை வரிசையா வாசிக்கறீங்களா? நான் டைப் பண்ணிக்கறேன்.”

வஜீதா ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒண்ணு புள்ளி மூணு. ஒண்ணு புள்ளி மூணு. ஒண்ணு புள்ளி ரெண்டு. இப்படியே மெல்ல இறங்கி ஒரு ஐப்பசியில் ஒண்ணு புள்ளி ஒண்ணு. அடுத்த மாசம், கார்த்திகை, ‘தீபப் பணி, ஆய்வு இல்லை’. மார்கழியில் பொறுப்பில் ஆளே இல்லை. தையிலிருந்து வஜீதாவின் கையெழுத்து ஆரம்பம். பூஜ்யம் புள்ளி ரெண்டு. பூஜ்யம் புள்ளி ரெண்டு. பூஜ்யம் புள்ளி ரெண்டு.

“ஒரு நிமிஷம் மேடம். ஒண்ணு புள்ளி ஒண்ணுக்கு அடுத்தது பூஜ்யம் புள்ளி ரெண்டா?”

“ஆமாம்மா. நான் வந்ததுல இருந்து கம்மிதான். ஒரு மாசம்கூட ஜாஸ்தி ஆகல.” சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

லைன் போய்விட்டதோ என்று வஜீதா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“மேடம், கோபால்ட் மெதுவாத்தான் குறையும். பாதியா குறையவே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். உங்க ஊர்ப் பாறையிலயே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், பூஜ்யம் புள்ளி ரெண்டுங்கறது சும்மா தெருவுல நின்னாலே வரும்.” அந்தப் பெண் மூச்சு விட்டுக்கொண்டாள். “அவ்வளவு கம்மியாச்சுன்னா, அது அங்க இல்லன்னு அர்த்தம் மேடம்.”

வஜீதா ரெஜிஸ்டரைத் தை மாசத்துக்குப் புரட்டினாள். ஜுரமானாலும் சர்க்கரையானாலும் நம்பர் இறங்கினால் நல்லது என்றுதான் அவளுக்குப் பழக்கம். முதல் மாசம் தன் கைப்படவே ‘முன்பைவிடக் குறைவு, திருப்தி’ என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வெறும் ‘திருப்தி’. இருபது திருப்தி.

“இன்னிக்கே நேர்ல பாத்துட்டு சொல்லுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள தெரியலன்னா நான் மேல சொல்லியாகணும்.”

ஆட்டோவில் போகும்போது அவளுக்கு மெமோ ஞாபகமே வரவில்லை. வழியில் இருந்த பழைய இரும்புக் கடைகள் எல்லாம் கண்ணில் பட்டன. ஒரு கடை வாசலில் ரெண்டு குழந்தைகள் தகர டப்பாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தன. இருபது மாசத்தில் அது எத்தனை கை மாறியிருக்கும்? எவன் வீட்டு அலமாரியில் பளபளவென்று கிடக்கிறதோ! எந்த ஆஸ்பத்திரியில் எவள் மடியில் முடி கொட்டின குழந்தை படுத்திருக்கிறதோ! அல்லாவே, அல்லாவே என்று வழி முழுக்க முனகிக்கொண்டே போனாள். ஆட்டோக்காரன் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் மண்ணாங்கட்டி வேர்க்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தான். காவலாளி அவன்தான். ஐம்பத்தைந்து வயசு, கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். முன்னே பிறந்த மூணும் தக்காமல் போனதால், எமன் கண்ணில் படக் கூடாதென்று வைத்த பேர். ஒன்பது வருஷமாகத் தினக்கூலியில் இருக்கிறான். பத்து வருஷம் முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று யாரோ சொல்லி, அந்த நம்பிக்கையில் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வந்துகொண்டிருந்தான்.

“சீல உடைப்பா,” என்றாள் வஜீதா.

“இன்னாத்துக்கும்மா?”

“உடைன்றேன் இல்ல!”

“உடைக்கறேம்மா. உடைச்சி உள்ள இன்னாத்தப் பாக்கப் போறீங்க? அதான் எடுத்துக்கினு போயிட்டாங்களே.”

“யாரு? யாரு எடுத்துட்டுப் போனா?”

“மும்பைக்காரங்கதாம்மா. போன தீபத்துக்கு மின்ன வந்த தீபம், அதுக்கு நாலு நாள் இருக்கறப்ப. பெரிய லாரி, முன்னாடி ஒரு போலீஸ் வண்டி, பின்னாடி ஒரு போலீஸ் வண்டி. ஈயத்துல குண்டு மாதிரி ஒரு டப்பா எடுத்தாந்தாங்க. மெஷினு தலையில இருந்து அந்த டப்பாவுக்கு எதையோ மாத்தி வெச்சாங்க. என்னை கேட்டாண்டயே நிக்கச் சொல்லிட்டாங்க. சக்கரவர்த்தி சார் கூடவே இருந்தாரு. மெஷின இங்கயே உட்டுட்டு டப்பாவத் தூக்கிக்கினு போயிட்டாங்க.”

சக்கரவர்த்தி என்பவர் வஜீதாவுக்கு முன்னால் அதே சீட்டில் இருந்தவர். இப்போது ஓய்வுபெற்றுப் பண்ருட்டியில் இருந்தார். போர்ட்டிகோவில் நின்றபடியே அவருக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை எடுத்தார்.

“அது அப்பவே பத்திரமாப் போய்ச் சேர்ந்துடுச்சேம்மா!” என்றார் சாவகாசமாக. “ரசீதுகூட வந்துச்சு. தீபம் ஃபைல்ல பாருங்க. அந்த வாரம் என் கையில இருந்தது அந்த ஒரு ஃபைல்தான். மறு வாரமே என்னை மாத்திட்டாங்க.”

“காலி ரூமுக்கு எதுக்கு சார் சீல் வெச்சீங்க?”

“வாக்கிடாக்கில கூப்டுக்கிட்டே இருந்தாங்க, தீப டூட்டிக்கு. அவசரத்துல பூட்டினேன். பூட்டின கதவ அரக்கு வெக்காம உட்டுட்டு வர கை வரலம்மா. பழக்கம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வஜீதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மண்ணாங்கட்டியின் பிளாஸ்டிக் சேரில் தொப்பென்று உட்கார்ந்து அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது போதும் என்று முதலில் தோன்றியது. அப்புறம் மெல்ல மெல்ல வெட்கம் வந்தது. இந்தத் தடவை அது போக வேண்டிய இடத்துக்குப் போனது. போகக் கூடாத இடத்துக்குப் போயிருந்தாலும் இதே கைதான், இதே பேனாதான், இதே ‘திருப்தி’யைத்தான் எழுதியிருக்கும். ஒரு காலி மெஷினை இருபது மாசம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தை எதிரில் நின்றவன் மேல் காட்டினாள்.

“ஏம்பா, இத்தனை தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

மண்ணாங்கட்டி அவளைப் பார்த்தான். “சொன்னேனேம்மா. உங்களாண்டதான் சொன்னேன்.”

“என்கிட்டயா? எப்ப?”

“மொதோ வாட்டி வந்தீங்க இல்ல, தைப்பூசத்துக்கு மின்ன. போன்ல யாரையோ திட்டிக்கினே வந்தீங்க. தண்ணி லாரி செங்கம் ரோட்டாண்ட நின்னுபோச்சுன்னு ஒரே சத்தம். நான் கிட்ட வந்து, அம்மா, உள்ள இருந்தத தீபத்தப்ப எடுத்துக்கினு போயிட்டாங்கம்மான்னேன். நீங்க இருன்னு கையக் காட்டினீங்க. இருந்தேன். மீட்டரப் பாத்தீங்க, எழுதுனீங்க, கையெழுத்துப் போட்டீங்க. மறுபடியும் போன் வந்துச்சு. வண்டி ஏறிட்டீங்க.”

வஜீதா நினைத்து நினைத்துப் பார்த்தாள். செங்கம் ரோட்டில் லாரி நின்றது ஞாபகம் இருந்தது. டிரைவர் பேர் சுப்பன் என்பதுகூட ஞாபகம் இருந்தது. தொண்டை கிழியக் கத்தியதும், சாயங்காலம் குரல் கம்மிப்போய் வெந்நீர் குடித்ததும் ஞாபகம் இருந்தது. இந்த மனுஷன் வந்து நின்றதும் சொன்னதும் துளிகூட ஞாபகம் இல்லை.

“சரி, அதுக்கப்புறம்? மாசாமாசம் வந்தேனே, அப்ப சொல்லக் கூடாதா?”

மண்ணாங்கட்டி குனிந்து கடலையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் தீபம் ஃபைலைத் தேடி எடுத்தார்கள். சவுக்குக் கட்டை பட்டியலுக்கும் அன்னதான அனுமதிக்கும் நடுவில் மும்பை ரசீது பத்திரமாக இருந்தது. அதைப் படம் பிடித்து நந்தினிக்கு அனுப்பினாள். ‘ரொம்ப நிம்மதி மேடம்’ என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் வந்தது: இருபது மாதமாக இது எப்படித் தெரியாமல் போனது என்று எழுத்து மூலம் அறிக்கை வேண்டுமாம்.

துணை இயக்குநர் கலையரசன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாற்பது வயசு இருக்கும். கெட்ட மனுஷன் இல்லை. மூணு பிரிவுக்கு ஒரே ஆளாக மாரடித்துக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார்.

“அம்மா, ரிப்போர்ட்டுல ஒரு வரி போதும். ‘காவலாளி தகவலை மறைத்துவிட்டார்.’ அதோட முடிஞ்சுது. நீங்க முப்பத்தொண்ணாம் தேதி நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

“அவரு சொன்னேன்றாரு சார்.”

“யாரு பாத்தா? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்ல சார்.”

“உங்களுக்கே ஞாபகம் இல்லாத ஒண்ண நீங்க எப்படி எழுதுவீங்க? அந்தாளு தினக்கூலி. மெமோ குடுக்கக்கூட வழி கிடையாது. எப்படியும் அந்த ரூமுக்கு இனிமே காவல் தேவையில்ல, இன்னிக்கில்லன்னா நாளைக்கு நிறுத்தத்தான் போறோம். உங்களுக்கு அப்படியா? முப்பத்து நாலு வருஷம்மா.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று மத்தியானமே மண்ணாங்கட்டி மாடிக்கு வந்து அவள் மேஜைப் பக்கத்தில் நின்றான். ஆபீஸில் யாரோ அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். “என் மேலயே எழுதிக்குங்கம்மா. நான் கூலிக்காரன், எங்கனா போய்ப் பொழைச்சிக்குவேன்,” என்றான்.

“நீ போய் டீ குடி,” என்றாள் வஜீதா.

அவன் போன பிறகு ரெஜிஸ்டரை இன்னொரு தரம் புரட்டினாள். இருபது கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தன. எந்த மாசம் முட்டி வலித்தது, எந்த மாசம் ஜுரம், எந்த மாசம் வீட்டில் சண்டை என்று ஒன்றையும் அவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. களைத்துப் போனவளின் கை அது, தன்பாட்டுக்கு எழுதியிருந்தது. பேனாவை எடுத்து அறிக்கையை எழுதி முடித்தாள். ‘முதல் ஆய்வின்போதே காவலாளி மண்ணாங்கட்டி இத்தகவலை என்னிடம் நேரில் தெரிவித்தார். நான் காதில் வாங்கவில்லை. அன்று முதல் இருபது முறை, நான் பார்க்காத பொருளைப் பார்த்ததாகக் கையொப்பமிட்டுள்ளேன்.’

கலையரசன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஞாபகமே இல்லாததுக்கு யாராவது இப்படி எழுதிக் குடுப்பாங்களா?”

“ஞாபகம் இல்லாததுதான் சார் குத்தமே,” என்றாள் வஜீதா.

முப்பத்தொன்றாம் தேதி மிக்சர், ஜாங்கிரி, பாதாம் பால் எல்லாம் இருந்தது. மாலையும் இருந்தது. ஐந்தேகாலுக்குக் காகிதமும் வந்தது, விசாரணை முடியும் வரை ஓய்வுபெற அனுமதி இல்லை, பணியிடை நீக்கம். வரும் என்று தெரிந்துதான் இருந்தாள். இருந்தாலும் வாங்கி ரெண்டு தடவை படித்தாள். வீட்டில் அவள் புருஷன் ரசாக் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுக்க ஒரு அண்டா பிரியாணிக்குச் சொல்லியிருந்தார். வந்ததைத் திருப்பி அனுப்ப முடியுமா? எல்லாருக்கும் கொடுத்தார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். அவளும் சிரித்தாள். நியாயமாக நடந்துகொண்டோம் என்பதற்காக நெஞ்சு எரியாமல் இருந்துவிடுமா? எரிந்தது. ரெண்டு நாள் யாரிடமும் பேசாமல் படுத்தே கிடந்தாள்.

அதற்கப்புறம் நாலு மாசம் இந்தாண்டையும் இல்லை, அந்தாண்டையும் இல்லை. ஆபீஸுக்குப் போகக் கூடாது, அனுமதியில்லாமல் ஊரை விட்டும் போகக் கூடாது. மகள் தஹ்சீனுக்கு வேலூரில் பிரசவம். போய்வர அனுமதி கேட்டு எழுதிப் போட்டாள். அனுமதி வருவதற்குள் பேரன் பிறந்து, பேரும் வைத்து, நாற்பதும் கழிந்துவிட்டது. மண்ணாங்கட்டி மட்டும் வேலையில் இருந்தான். அந்தக் காலி அறை இப்போது விசாரணைக்கு உட்பட்ட இடமாம், காவல் தொடர வேண்டுமாம்.

தை மாசம் விசாரணை வைத்தார்கள். வேலூரிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். மருந்துக்கடை மாடியில் அவளுடைய பழைய மேஜைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். வஜீதா எழுதிக் கொடுத்ததையே திரும்பச் சொன்னாள். அடுத்துச் சாட்சியைக் கூப்பிட்டார்கள். மண்ணாங்கட்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கையைக் கட்டி நின்றான்.

“பொருளை எடுத்துட்டுப் போன விஷயத்தை இந்தம்மாகிட்ட சொன்னியா?”

“இல்லீங்கய்யா.”

வஜீதா நிமிர்ந்தாள்.

“நல்லா யோசிச்சு சொல்லுப்பா. சொன்னியா, சொல்லலையா?”

“சொல்லலீங்கய்யா. சொன்னா வேல போயிடும்னு மறைச்சிட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“பொய் சொல்றாரு சார்!” என்று வஜீதா எழுந்துவிட்டாள். “என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு. என்கிட்ட சொன்னாரு, முதல் நாளே சொன்னாரு!”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வேலையில் அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார், தனக்குச் சாதகமான சாட்சியைப் பொய் என்கிறவளைப் பார்த்திருக்க மாட்டார். “அம்மா, அவரு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“இல்ல சார். ஆனா...”

“உங்களுக்கு ஞாபகம் இல்ல. அவரு சொல்லலன்றாரு. நான் எதைம்மா எழுதறது?”

அவள் என்னவெல்லாமோ சொன்னாள். மீட்டர், நம்பர், பார்க்காமல் போட்ட இருபது கையெழுத்து. அதற்கெல்லாம் அவர் ‘கவனக்குறைவு, எச்சரித்து விடலாம்’ என்று எழுதிக்கொண்டார். மற்றபடி குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. போன ஆகஸ்ட் தேதியிலேயே ஓய்வு. தகவலை மறைத்ததாக ஒப்புக்கொண்ட தினக்கூலிக் காவலாளியை இன்றோடு நிறுத்திவிட வேண்டியது. எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அறை வாசலில் நின்றிருந்த கலையரசன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வஜீதா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“எதுக்குய்யா அப்படிச் சொன்ன?” ஆத்திரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான் கேட்டனா உன்னை? நான் எழுதிக் குடுத்த உண்மையை நீ வந்து பொய்யாக்கிட்டுப் போற! பத்து வருஷம் ஆகப்போற வேலைய்யா அது!”

“உக்காருங்கம்மா மொதல்ல. முட்டி வலிக்கும்.”

அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே சொன்னான்.

“ஒரு வாட்டி உங்களாண்ட சொன்னேன், மெய்தான். அதுக்கப்புறம் பத்தொம்போது வாட்டி வந்தீங்க. ரெஜிஸ்டரத் தொறந்து குடுத்தது நான்தான், பேனா எடுத்துக் குடுத்ததும் நான்தான். ஒரு வாட்டிகூட வாயத் தொறக்கல. சொன்னது உங்க காதுல ஏறலன்னு எனக்குத் தெரியும். ஏறினா என் வேல பூடும்னும் தெரியும். அந்தய்யா சொன்னியா சொல்லலியான்னு கேட்டாரு. ஒண்ணா, பத்தொம்போதா, எது நெறயவோ அத்தச் சொன்னேன்.”

ரோட்டில் கீழ்பென்னாத்தூர் பஸ் வருவது தெரிந்தது. அவன் கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அந்தப் பத்தொம்போது வாட்டியும் நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கலையே மண்ணாங்கட்டி,” என்றாள்.

“அத்த அந்தய்யா கேக்கலியேம்மா,” என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறினான்.